எத்தனை மணிக்கு ஊத்துவீங்க?

"எதிர் பிளாட்டுலேருந்து பேசறேங்க. இன்னைக்கு எத்தனை மணிக்கு இரும்பு ஊத்துவீங்க?" என்றது தொலைபேசியில் ஒரு பெண் குரல்.

"எத்தனை மணிக்கு ஊத்துனா உனக்கென்னம்மா? உன் பிளாட்டு நேத்து முளைச்சது. எங்க பவுண்டரி எங்கப்பா காலத்துது!"

பட்டென்று போனை வைத்தார் பட்டறை முதலாளி நெகிஷி.

ஜப்பானின் கவாகுச்சி ஊரில், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் பவுண்டரி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வயிற்றெரிச்சல் உண்டு. மூடிப்போன பட்டறைகளின் இடத்தில்தான் அடுக்குமாடிகள் எழுந்தன. குடிவந்தவர்களோ, மிச்சமிருக்கும் பட்டறைகளுக்குப் போன் போட்டுப் புகை என்கிறார்கள், சத்தம் என்கிறார்கள். என்ன அநியாயம்!

இது போதாதென்று, நெகிஷியோடு சேர்ந்து இரும்புக் குழம்பு வாளி பிடிக்கும் ஒரே வேலையாள் கூமே இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். வாளியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வாசலில் 'ஆள் தேவை' பலகை வெயிலில் வெளுத்ததே தவிர, ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"இந்தக் காலத்துப் பசங்க கையில கரி படக்கூடாதாம்!" என்று பொருமினார் நெகிஷி.

மறுநாளும் அதே குரல். "இன்னைக்கு எத்தனை..."

"தெருக்கதவ மூடிடறேன், போதுமா?"

மூடினார். உள்ளே இருவரும் வெந்துபோனார்கள். அடுத்த நாள் மறுபடி போன்.

"ஐயா, கதவ ஏன் மூடிட்டீங்க?"

"பாத்தீங்களா கூமே அண்ணே கொழுப்ப! மூடினாலும் குத்தமாம்!"

"விடுங்க மொதலாளி. விடியறதுக்கு முன்ன ஊத்திடுவோம்" என்றார் கூமே.

ஊற்றினார்கள். எதிர் மாடிக்காரர் ஒருவர் தூக்கம் போச்சென்று சண்டைக்கு வந்தார். நெகிஷி பல்லைக் கடித்துக்கொண்டு இனிப்புப் பெட்டி வாங்கிப்போய், இடுப்பொடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால், போன் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு ஊத்தவே இல்லையே?"

"ஊத்துனாலும் தப்பு, ஊத்தலைன்னாலும் தப்பா? தைரியமிருந்தா நேர்ல வாம்மா!"

மறுநாள் மாலை அவள் வந்தேவிட்டாள். சின்னப் பெண். கையில் இனிப்புப் பெட்டி.

"பாத்தீங்களா அண்ணே, மன்னிப்புக் கேக்க வந்திருக்கு!" நெகிஷி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

அவள் பெட்டியை இரு கைகளாலும் நீட்டிக் குனிந்தாள்.

"உங்க 'ஆள் தேவை' பலகையப் பாத்துட்டுத்தாங்க போன் பண்ணேன், சேர்றதுக்கு முன்ன ஒருவாட்டி ஊத்தறதப் பாக்கணும்னு ஆசை. அடுத்த தெரு பவுண்டரியில கேட்டதும் காட்டிட்டாங்க, திங்கக்கிழமையிலேருந்து அங்க வாளி பிடிக்கிறேன்."