எட்டு மூடியும் ஓர் அண்டாவும்

ஒரு கடையில் என்னென்ன இருக்கிறது, இல்லாதது எங்கே போயிருக்கிறது என்பது அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் சின்ன விஷயம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு பி.காம். படித்த மூன்று வருடம் போதவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வியாழக்கிழமை தேவைப்பட்டது. அன்று நடந்ததை நானாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. (என் மனைவிக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது மண்ணாங்கட்டி அண்ணன் சொன்ன கதை. அதில் நான் இன்னும் மோசம்.)

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. காலையில் ஓடிய பஸ் மத்தியானம் ஓடாது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருப்பார்கள். சில இடங்களில் ரோட்டையே வெட்டிப் பள்ளம் பறித்திருப்பார்கள். கடைக்காரர்கள் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு, மூடவா திறக்கவா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானோ டிகிரி முடித்து, கண்ட இடத்துக்கெல்லாம் மனுப் போட்டுவிட்டு, தபால்காரருக்காகக் காத்திருந்தேன். பஸ் இல்லாததால் தபாலும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் இரண்டு நிமிடம் உட்காரமாட்டேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தேன். அம்மா பொறுக்க முடியாமல், "போய் மாமா கடையிலயாவது நட" என்று அனுப்பிவைத்தாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. துருகம் ரோட்டில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அண்டா, குண்டான், கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் அங்கேதான். அந்தக் கடையில் நோட்டு என்ற ஒன்றே கிடையாது. எந்தச் சாமான் எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் மாமாவின் தலைக்குள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு சாவு. மாமா கிளம்பும்போது கடையை என்னிடம் ஒப்படைத்து, எது வேண்டுமானாலும் மண்ணாங்கட்டியைக் கேட்டுக்கொள் என்று ஒரே ஒரு உத்தரவு போட்டார். மறுநாள் மறியல் தொடங்கிவிட்டது. மாமா சிதம்பரத்திலேயே மாட்டிக்கொண்டார்.

மண்ணாங்கட்டி அண்ணன் கடையின் ஒரே வேலையாள். சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிப்போய்க் கொடுப்பதும், திரும்ப எடுத்துவருவதும், கழுவிக் கவிழ்ப்பதும் அவர்தான். பேச்சு குறைவு. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் பீடி குடிப்பார். அவரைப் போய் நான் கேட்பதாவது? நான் படித்தவன். ஒரு வியாபாரத்தின் நிலவரம் ஒருவர் தலைக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது, பார்த்தவுடன் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். (சரியாகத்தான் சொல்லியிருந்தார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.)

ஆகவே திங்கட்கிழமை காலையில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். அண்டாவுக்குச் சிவப்பு, குண்டானுக்குப் பச்சை, ஜமுக்காளத்துக்கு நீலம். மொத்தம் எவ்வளவு, யாருக்குச் சொல்லியிருக்கிறது, மீதி எவ்வளவு என்று பத்தி பிரித்தேன். இனி எண்ண வேண்டியதுதான் பாக்கி. சாமான்கள் இருந்த பின்கட்டில் பல்பு எரியாது. எலி ஓடும். எனக்கோ அவசரம். ஆனால் கடையின் முன்சுவரில், அடித்து வைத்த ஆணிகளில், அண்டாக்களின் மூடிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. எட்டு மூடி என்றால் எட்டு அண்டா. சிவப்புப் பென்சிலால் 'எட்டு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். இருட்டில் கை விடாமலே இருப்பைக் கண்டுபிடித்த என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்கே நைனார்பாளையத்திலிருந்து அஞ்சலை அக்கா வந்தார். கூலி வேலை செய்பவர். புருஷன் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரே மகளுக்குக் கல்யாணம், நாலு அண்டா வேண்டும் என்றார். நான் சார்ட்டைப் பார்த்தேன். எட்டில் நாலு போக நாலு. "பேஷா இருக்குது" என்றேன். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் மூன்று பேருக்கு அதேபோலப் பேஷாக இருக்குது என்றேன். (அந்த மூவரும் மறியலால் வரவே இல்லை. என் மானத்தில் மிச்சமிருந்தது அந்தப் புண்ணியத்தில்தான்.)

வியாழக்கிழமை காலையில் அஞ்சலை அக்கா அண்டா எடுக்க வந்தார். வண்டி மறியலைத் தாண்ட முடியாததால், தம்பியை வண்டியோடு அந்தப் பக்கமே நிற்கவைத்துவிட்டு, மரங்களுக்கு மேலே ஏறி இறங்கி, மூன்று மைல் நடந்து வந்திருந்தார். நான் சார்ட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு, கம்பீரமாகப் பின்கட்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரே ஒரு அண்டா இருந்தது. அதன் அடியில் என் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. நான் தீக்குச்சி கிழித்துக் கிழித்துத் தேடினேன். ஜமுக்காளத்துக்கு அடியில்கூடத் தேடினேன். (அண்டா ஜமுக்காளத்துக்கு அடியில் இருக்காது என்பது தெரிகிற நிலையில் நான் இல்லை.) முன்னால் வந்து மூடிகளை மறுபடி எண்ணினேன். எட்டு. திரும்ப உள்ளே ஓடினேன். ஒன்று.

மண்ணாங்கட்டி அண்ணன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, எட்டு மூடி இருக்கிறதே, அண்டா எங்கே என்று கத்தினேன்.

"மூடி எப்பவுமே இங்கதான் தம்பி இருக்கும்" என்றார். "மூடி குடுத்தா திரும்ப வராது. மாட்டுத் தொட்டிய மூட வச்சிக்குவாங்க. மாமா மூடி குடுக்கறத நிறுத்தி பத்து வருசம் ஆவுது. சமையக்காரங்க சாக்கு போட்டு மூடிக்குவாங்க."

அதாவது, அந்தக் கடையில் எப்போதும் குறையாத ஒரே சாமான் எதுவோ, அதைத்தான் நான் எண்ணியிருந்தேன். ஊரே தீப்பற்றி எரிந்து எட்டு அண்டாவும் உருகிப்போயிருந்தாலும் என் சார்ட் எட்டு என்றே காட்டியிருக்கும்.

அப்படியானால் அண்டா எல்லாம் எங்கே? அண்ணன் வானத்தைப் பார்த்து மனப்பாடமாக ஒப்பித்தார். கரியாலூர் கோயில் திருவிழாவுக்குப் போனது இரண்டு. மலையேறிப் போய் எடுத்துவர இப்போது வழியில்லை. ரிஷிவந்தியத்தில் இரண்டு. அந்த ரோடும் வெட்டிக் கிடக்கிறது. பட்டறையில் ஒட்டுப்போடக் கொடுத்தது ஒன்று. ஓட்டை ஒன்று. பாக்கி இரண்டும் சின்னசேலம் ரோட்டில் மறியல் செய்கிறவர்களிடம் இருக்கிறது. சோறு பொங்க முன்னாடியே கேட்டிருந்தார்கள், கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் மாமா ஊருக்குப் போனார். திங்கட்கிழமை அண்ணனே கொல்லைப்பக்கமாகத் தூக்கிப்போய்க் கொடுத்தாராம்.

"ஏண்ணா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே. அப்ப நீங்க கலர் பென்சில் சீவிக்கினு இருந்தீங்க."

அதோடு போயிற்றா? அஞ்சலை அக்கா மெதுவாக, வரும் வழியில் அந்த இரண்டு அண்டாவையும் தானே பார்த்ததாகச் சொன்னார். ஆக மாமாவுக்குத் தெரியும், வேலையாளுக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியும், மறியலில் சாப்பிட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர்ல நான் கை நனைக்காத வூடு இல்ல தம்பி. எல்லா கல்யாணத்துலயும் பாத்திரம் தேச்சிட்டு கடைசிப் பந்தில சாப்ட்டவ. நாளைக்கு ஒரு நாளு எல்லாரும் என் வூட்டுல கை நனைக்கணும்னு மூணு மூட்டை அரிசி வாங்கி வச்சிகினு இருக்கறன். சாயந்திரத்துக்குள்ள அண்டா வரலன்னா நான் யார் மூஞ்சில முழிப்பன்?"

அடுத்த நிமிடம் நான் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கையில் சார்ட்டைச் சுருட்டி வைத்திருப்பது தெரிந்தது. பின்னால் அக்காவும் அண்ணனும் வந்தார்கள்.

மறியல் நடந்த இடத்தில் நாலு மரம் குறுக்கே கிடந்தது. மரங்களுக்கு அந்தப் பக்கம் ரோட்டின் பாதியை வெட்டி இடுப்பளவு பள்ளம். அதையும் தாண்டி அக்காவின் வண்டி. மர நிழலில் நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், மும்மூன்று கல் வைத்த அடுப்புகளில், என் மாமாவின் பெயர் வெட்டிய இரண்டு அண்டாக்களும் கொதித்துக்கொண்டிருந்தன. நான் மூச்சிரைக்க, சார்ட்டை விரித்துக் காட்டி, இந்த அண்டாக்கள் முறைப்படி வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன என்று ஆரம்பித்தேன். ஒதுக்கீட்டுக்காக நாலு நாளாக வெயிலில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசுகிற பேச்சா அது? ஒருவர் சார்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கலரு நல்லாக்கீது" என்று திருப்பிக் கொடுத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குள் அஞ்சலை அக்கா நேராக அடுப்பண்டை போய், யாரையும் கேட்காமல் விறகைத் தள்ளிவிட்டுச் சோற்றைக் கிளறினார். கிளறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மூன்றே வரி. அங்கிருந்த பெரியவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கல்யாணமா? இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? சோறு வெந்ததும் எடுத்துக்கினு போம்மா. நாங்க எதுலயாவது பொங்கிக்கறோம்."

சோறு வேகக் காத்திருந்த அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. நான் அடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஐந்தாவது சுற்றில் ஒருவர் தாங்காமல், "அந்தப் புள்ளைய யாராச்சும் புடிச்சி குந்த வைங்கப்பா" என்றார். உட்கார்ந்தேன். உடனே எழுந்தேன்.

கடைசியில் சோற்றை ஓலைப்பாயில் கொட்டி, அண்டாக்களைக் கழுவி எடுத்தார்கள். ஒன்றை மண்ணாங்கட்டி அண்ணனும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மற்றதை நானே தூக்குவேன் என்று அடம்பிடித்தேன். செய்த தப்புக்கு அந்தக் கனத்தையாவது சுமக்க வேண்டும் என்று உள்ளே ஒரு வெறி. கவிழ்த்துத் தலையில் வைத்தேன். பெரிய அலுமினிய அண்டா. தோள்வரை இறங்கி என் தலையை முழுதாக மூடிக்கொண்டது. என் கால் பெருவிரலைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாலு மரங்களையும் தட்டுத்தடுமாறித் தாண்டினேன். எல்லோரும் ஒரே சமயத்தில் வழி சொன்னார்கள். இடது என்று ஒருவர், வலது என்று ஒருவர், நில்லு என்று ஒருவர். உள்ளே எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாகக் கேட்டது. எனக்குத் தெரியும் என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தேன். அங்கே ரோடு இல்லை.

பள்ளத்தின் அடியில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மேலே அண்டா உட்கார்ந்திருந்தது. அப்புறம் நூறு பேரும் சிரித்தார்கள். நாலு நாளாகச் சிரிக்காத சிரிப்பு அது. மகள் கல்யாணத்துக்கு அண்டா கிடைக்குமோ கிடைக்காதோ என்று செத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்டாவைத் தூக்கி என்னை வெளியே எடுத்தபோது முட்டியில் ரத்தம், மண்டையில் ஒரு கொழுக்கட்டை. அண்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

நான் கடைக்குத் திரும்பவில்லை. வண்டியோடேயே நைனார்பாளையம் போனேன். நாலு அண்டாவில் ஆக வேண்டியதை இரண்டில் செய்வதென்றால் வடிக்க வடிக்க மறுபடி உலை வைக்க வேண்டும். விடிந்ததிலிருந்து நான் விறகு தள்ளினேன், தண்ணீர் சுமந்தேன். யாருக்கு எவ்வளவு ஆயிற்று, இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று நிமிடத்துக்கொரு தரம் பந்தலுக்கு ஓடி, கண்ணால் பார்த்து வந்து சமையல்காரரிடம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் மறியலில் சுற்றிச்சுற்றி நடந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்து எங்களைக் காப்பாற்றினார்கள். அண்டா கொடுத்தவர்களிலும் ஒரு இருபது பேர் வந்தார்கள். அக்கா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து அழைத்தார். சோறு குறையவில்லை. கடைசிப் பந்தியில் அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஊர் திரும்பிய மாமா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து என்னிடமும், கரும்பலகை ஒன்று வாங்கி மண்ணாங்கட்டி அண்ணனிடமும் கொடுத்தார். ஒரு சாமான் வெளியே போனால் அண்ணன் பலகையில் கோடு போட வேண்டும், நான் அதைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கடை கைமாறும்வரை அதுதான் வழக்கம்.

போன ஆவணியில் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அன்றைய மணப்பெண் தன் மகளுக்குச் செய்யும் கல்யாணம். உற்றார் உறவினர் பெயரெல்லாம் அச்சடித்து முடிந்த இடத்தில், பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தது: 'அண்டா எல்லாம் வந்துவிட்டது. அம்மா எண்ணிப் பார்த்துவிட்டார். நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.' என் மனைவி அதைப் படித்துப் படித்துச் சிரித்தாள். பிள்ளைகள் எல்லோருக்கும் போன் போட்டுப் படித்துக் காட்டினாள்.

போனேன். முதல் பந்தியில் உட்கார வைக்க அஞ்சலை அக்கா என்னைத் தேடியிருக்கிறார். நான் சமையல் கொட்டகையில் ஒவ்வொரு அண்டாவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.