பெட்டியைப் பற்றிய புகாரைப் பெட்டியிடமே கொடுக்க முடியாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு உங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதும் கடிதம்.

இங்கே நான் சௌக்கியம், உங்கள் அத்தை சௌக்கியம், போன தடவை வந்தபோது வீட்டு இணையத்துக்குக் காவலாக நீங்கள் மாட்டிவிட்டுப் போன ஃபயர்வால் பெட்டி மட்டும் சௌக்கியமாக இல்லை. உங்கள் நலத்தையும் என் மகள், பேத்தி நலத்தையும் நேற்றுதான் போனில் கேட்டேன் என்பதால் இங்கே மறுபடி விசாரிக்கவில்லை, தவறாக நினைக்க வேண்டாம். இந்தக் காலத்தில் தபால் எதற்கு என்று கேட்பீர்கள். மின்னஞ்சல் அனுப்பினால் அது அந்தப் பெட்டி வழியாகத்தானே வெளியே போக வேண்டும்? காவலாளி மேல் புகார் எழுதி, அதை அந்தக் காவலாளி கையிலேயே கொடுத்து மேலாளரிடம் சேர்க்கச் சொல்கிற வழக்கம் நான் காவல் பார்த்த கிடங்கில் இருந்ததில்லை. சரி, போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் "மாமா, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்கிறீர்கள். பண்ணிப் பண்ணி அந்த சுவிட்ச் தேய்ந்துவிட்டது, மாப்பிள்ளை.

உங்கள் அத்தை இணையத்தில் தையல் வகுப்பு எடுப்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பு பாதியில் நின்று போவது பழகிவிட்டது, ஆனால் போன வாரம் நடந்தது கொஞ்ச நஞ்சமல்ல. சட்டைக்குக் கை வெட்டும் பாடம். "தோள்லேருந்து ரெண்டு விரல் தள்ளி, இந்தக் கோட்டுக்கு..." என்று சொன்னவள் அப்படியே சிலையாகிவிட்டாள். திரையில் வாய் திறந்தபடி, கத்தரிக்கோலும் திறந்தபடி. மாணவிகள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். பெட்டிக்கு மறுபடி உயிர் வந்தபோது அவர்களுக்குக் கேட்டது ஒரே வார்த்தை: "வெட்டிடுங்க." வெட்டிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு இடத்தில். ஒரு அம்மா தன் சட்டையைத் தூக்கிக் காட்டி, "டீச்சர், இதுல கை எப்படி வெளிய வரும்?" என்று கேட்டார். இடுப்பில் ஓட்டை. உங்கள் அத்தை திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நானா வெட்டினேன்?

வருகிற வெள்ளிக்கிழமை, தையல் பயிற்சி நிலையத்தின் தலைவியம்மா இவள் வகுப்பைப் பார்வையிடப் போகிறார். பிடித்துப்போனால் நிலையத்தின் மாணவிகள் எல்லோரையும் இவளிடமே ஒப்படைத்துவிடுவார்களாம். அன்றைக்கும் பெட்டி மக்கர் பண்ணினால் அவ்வளவுதான். "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா, மெஷினத் தூக்கிக்கிட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், அங்க நெட்டு நிக்காம ஓடுது" என்று உங்கள் அத்தை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் போவதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொள்ளலாம், அதற்கப்புறம் என் சகலை என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிற சிரிப்பை எப்படித் தாங்குவது?

நீங்கள் சொன்ன வைத்தியத்தில் எதையும் நான் விடவில்லை. இது மெமரி லீக் என்றீர்கள். ஏதோ ஒரு வேலைக்காகப் பெட்டி கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறது, வேலை முடிந்தும் அந்த இடம் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி மூச்சு முட்டுகிறது என்றீர்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிடங்கு வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் நாங்கள் ஒரு அட்டை கொடுப்போம். போகும்போது திருப்பித் தர வேண்டும். தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற ஆட்கள் இருந்தால், சாயங்காலம் வாசலில் கொடுக்க அட்டையே இருக்காது, வரிசை தெருவரை நிற்கும். இங்கேயும் எவனோ அட்டையைத் திருப்பித் தரவில்லை. அவனைப் பிடிக்காமல் விடுவதா? பெட்டியின் நிலவரம் காட்டுகிற பக்கத்தை "எப்பவாவது பாருங்க மாமா" என்றீர்கள். எப்போதாவது பார்ப்பதற்குப் பெயர் காவலா, மாப்பிள்ளை? டேப்லெட்டைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். வெளியிலிருந்து எவன் தட்டினான், எவனைப் பெட்டி விரட்டியது, மெமரி நிரம்ப நிரம்ப மேலே ஏறுகிற கோடு எல்லாம் கண் முன்னால் ஓடுகிறது. அவ்வப்போது அதே பக்கத்தைப் புதிதாக இன்னொரு தடவை திறந்துகொள்கிறேன். பழையதை மூடுவதில்லை. மாற்று ஆள் வந்துவிட்டான் என்று பழைய ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பினால், அந்த இடைவெளியில்தான் திருடன் புகுவான். கிடங்கில் இந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான், மேலாளர் எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார். போனிலும் அதேபோல வைத்திருக்கிறேன். குளியலறைக்குப் போகும்போதும் கண்காணிப்பு விட்டுப்போகக் கூடாதல்லவா?

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் திருடன் அகப்படவில்லை. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன், கோடு ஏறியது. விளம்பரத் தடுப்பை நிறுத்தினேன், அப்போதும் ஏறியது, போதாக்குறைக்கு முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரமாக வந்து விழுந்தது, என் தலையைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஊடுருவல் சோதனையை நிறுத்தினேன், கோடு ஏறியது, எனக்குத் தூக்கம் போனது. பெட்டி எழுதி வைக்கிற பதிவுகளைக் குறைத்தேன். டேபிள் ஃபேனைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றைச் செய்த பிறகும், பலன் தெரிகிறதா என்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மேல் சந்தேகம் வந்து, நேராகப் போய்க் கேட்டுவிட்டேன், எங்கள் இணைப்பைத் திருடுகிறீர்களா என்று. "எங்கிட்ட நல்லாவே ஓடுது சார், வேணும்னா நீங்க எடுத்துக்குங்க" என்று சொல்லிக் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்தால் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

இதில் ஒரு விசித்திரம் கேளுங்கள். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் அவர் வீட்டில் போய்த் தங்கினேன் அல்லவா? போனையும் டேப்லெட்டையும் அணைத்துவிட்டுப் போனேன். அத்தனை நாளும் வகுப்பு ஒரு தடவைகூட நிற்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராகக் கிடக்கிறது. நான் காவலில் உட்கார்ந்ததும் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது! உங்கள் அத்தையிடம் பயம், என்னிடம் இளக்காரம். இந்த மாதிரி ஆசாமிகளைக் கிடங்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். நல்லது சொன்னால் கேட்க மாட்டார்கள், சீட்டைக் கிழித்தால்தான் புத்தி வரும். அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து இந்தப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும், அல்லது வேறு பெட்டி அனுப்ப வேண்டும். மரியாதைக் குறைவாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் வகுப்பு எடுக்கும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, பாதித் தூக்கத்தில்தான் அவள் பேச்சைக் கேட்டேன். இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுப்பாள் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதைக் காப்பது?

காலையிலிருந்து என் கண்ணாடியைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிவிட்டேன். எழுத்து இப்படிப் பூசணிக்காய் அளவில் இருப்பதற்கு அதுதான் காரணம். டேப்லெட்டும் போனும் வெறும் வெளிச்சமாகத்தான் தெரிகின்றன. ஆனால் நான் புகார் எழுத உட்கார்ந்தது தெரிந்தோ என்னவோ, பெட்டி இன்றைக்குச் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. நடிப்பு. நம்ப வேண்டாம்.

மகளுக்கு அன்பு, பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கவும், மெமரியில் மட்டும் எப்போதும் இடம் மிச்சமிருக்கவும் ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. கண்ணாடி இல்லாததால் உறையில் முகவரியை என்னை எழுதச் சொன்னார். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன். அன்றைக்கே தபாலில் போட்டுவிட்டதாக அவரிடம் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை முடியட்டும் என்று என்னிடமே வைத்துக்கொண்டேன்.

பெட்டி தங்கமான பெட்டி. அவர் அண்ணன் வீட்டிலிருந்து திரும்பியதும் கோடு ஏறியதே, அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. அவர் கண்ணாடியைத் தேடிய அந்தக் காலையில், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து டேப்லெட்டை எடுத்தேன். ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக, மூட மூட வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு மறந்து வெளியே வைத்துவிட்டுப் போன போனிலும் அப்படித்தான். விரல் வலிக்க எல்லாவற்றையும் மூடினேன், கோடு மளமளவென்று இறங்கிவிட்டது. அட்டையைத் திருப்பித் தராத ஆள் இவரேதான். மறுபடி திறந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியை நூல்கண்டுப் பெட்டிக்குள் போட்டு வைத்தவளும் நான்தான். பாவம், மனசு கேட்கவில்லை, ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பு நடந்த நேரம் முழுக்க இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரையும் மணி அடிக்க விடவில்லை. கண்ணாடி இல்லாததால் வந்தது யாரென்று தெரியாமலே எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் தலைவியம்மா. வகுப்பு முடிந்ததும் அவரே போனில் கூப்பிட்டார். "உங்க வீட்டு வாசல்ல ஒருத்தர் என்னை உள்ளயே விடலைங்க. கார்ல உட்கார்ந்து போன்லயே முழுசும் பார்த்தேன். ஒரு இடத்துலகூட நிக்கலை, எல்லாரையும் உங்ககிட்டயே அனுப்பிடறேன்" என்றார். நேரில் வந்து உட்கார்ந்திருந்தால் நெட்டு நிற்காததை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

இவருக்கு இது எதுவும் தெரியாது. உங்களுக்குக் கடிதம் போனதில் பெட்டி பயந்துவிட்டது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியை நாளைக்குத் திருப்பித் தந்துவிடுவேன், அதனால் இதைத் தபாலில் போடாமல் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். அதற்குள் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். பார்ப்பதற்குக் கோடு ஏறி இறங்குகிற மாதிரியும், நாலு திருடர்கள் வந்து தட்டிவிட்டு ஓடுகிற மாதிரியும், ஆனால் பெட்டியைத் தொடாத மாதிரியும் ஒரு பக்கம் செய்து அனுப்புங்கள். திருடன் கொஞ்சம் அடிக்கடி வரட்டும். பக்கத்து அறையில் அவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் எனக்கும் பாடம் நன்றாக வருகிறது.