தேங்காய் உடைத்த பாட்டு

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
14.6.1987

மதிப்புக்குரிய அண்ணை இராஜரட்ணம் அவர்களுக்கு, தம்பி குலசிங்கம் வணங்கி எழுதுவது. இங்கு நானும் நாகேஸ்வரியும் மகள் தவமலரும் சுகம். லண்டன் குளிரில் வந்த உங்கள் முழங்கால் வலி குறைய நல்லூர் முருகனை வேண்டுகிறோம்.

பெண் டிரம் அடிப்பதை விட்டால்தான் சம்பந்தம் என்று பல் வைத்தியர் மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் சொல்லை நான் என்றைக்கும் தட்டியதில்லை. நிறுத்திவிடுகிறோம். டிரம்மை விற்கப் பேப்பரில் விளம்பரமும் கொடுத்தாயிற்று.

ஆனால் நடந்ததை நீங்கள் அறியத்தான் வேண்டும். போன வருஷம் ஆயுத பூசையன்று தவமலரும் அவளோடு படித்த மூன்று வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எங்கள் கராஜில் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறதே என்று நான் உள்ளே போய், டிரம்முக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நிலத்தில் ஒரு தேங்காயை ஓங்கி அடித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. "அப்பா, எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டியள்," என்று பிள்ளை அழுதாள், கிற்றார் வாசிக்கிற பெடியன் மட்டும் அந்தச் சத்தம் இருக்கட்டும் என்றானாம், இருந்தது, அப்படியே ரேடியோவில் போனது, பனி கொட்டினாலும் இந்த ஊரைவிட்டுப் போகமாட்டோம் என்று ஒரே வரியைப் பதினாறு தரம் கத்துகிற பாட்டு, அதை இப்போது பஸ்ஸிலும் பாடுகிறார்கள், பள்ளிக்கூடத்திலும் பாடுகிறார்கள், நேற்று பேஸ்போல் மைதானத்தில் போட்டபோது அத்தனை சனமும் எழும்பி நின்று என் தேங்காய் உடைகிற இடத்தில் ஒரேயடியாகக் கை தட்டியது. சனம் எழும்பினால் தேசிய கீதமாக்கும் என்று நானும் தொப்பியைக் கழற்றி விறைப்பாக நின்றேன். பக்கத்தில் பியரும் கையுமாக நின்ற வெள்ளைக்காரர், இது எங்கள் ஊர்ப் பாட்டு, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும். டிரம் அடிக்கிறது என்ரை பிள்ளை," என்றேன்.

அவருக்கு விளங்கியிருக்காது, தமிழில்தான் சொன்னேன். பெருமை வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது.

இதெல்லாம் சம்பந்தத்தைத் தள்ளிப்போட எழுதியதல்ல. ஆவணியில் நல்ல நாளாகப் பாருங்கள். அண்ணியை நாங்கள் மூவரும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் ஆசியில் வாழும் தம்பி,
குலசிங்கம்

பி.கு.: ஒட்டுமுன் இதைத் தவமலருக்கு வாசித்துக் காட்டினேன். சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "ஓம் அப்பா, விப்பம்," என்று மட்டும் சொல்லிப்போட்டு, கராஜுக்குள் போய் டிரம்மைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றாள். அண்ணை, அதை என்னால் பார்க்க முடியவில்லை. வாங்க வந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டேன். கோபிக்க வேண்டாம். பல் வைத்தியருக்கு வேறு இடம் பாருங்கள்.