வைர உறுப்பினருக்கு விழுந்த பைக்

பாளையங்கோட்டை,
18.6.2024

மரியாதைக்குரிய சம்பந்தி செந்தூர்பாண்டி அவர்களுக்கு,

வள்ளியூர் சங்கிலிபூதத்தான், மகள் நித்யா வீட்டிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். சாத்தான்குளத்தில் தாங்களும் மதினியும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் என்றால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையாவது பேசிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொள்ளவும்.

முதலில் நல்ல சேதி. தங்கள் மகனும் என் மருமகனுமான குமரகுருபரனுக்கு மோட்டார் பைக் பரிசு விழுந்திருக்கிறது. செல்போனில் பணம் கட்டி ரம்மி ஆட வைக்கிற கம்பெனி ஒன்று கொடுக்கிறது. ஆட ஆடப் புள்ளி சேருமாம், புள்ளி நிறையச் சேர்ந்தவர் வைர உறுப்பினராம், வைர உறுப்பினர்களுக்கு மட்டும் குலுக்கல் போட்டதில் மாப்பிள்ளை பெயர் வந்துவிட்டது. வைரம் என்றால் சும்மாவா என்று நான் தெரு முழுக்க லட்டுக் கொடுத்தேன். சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம்கூட வாங்கியாயிற்று. நித்யா மட்டும், "இவ்வளவு புள்ளி எப்படிப்பா சேந்துச்சு?" என்று கேட்டாள். "அதெல்லாம் தெறமை தாயி" என்றேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பைக்கின் விலையில் நூற்றுக்கு முப்பது வருமான வரி, அதைக் கட்டினால்தான் வண்டி வரும் என்றார்கள். ஏமாற்று வேலையாக இருக்குமோ என்று பயந்து, வரிக் கணக்குப் பார்க்கும் சாலமோன் தம்பியிடம் மூன்று பேரும் போனோம். அவர் விசாரித்துவிட்டு, "சரியாத்தான் கேக்காவ அண்ணாச்சி. பணமா விழுந்தா வரியப் புடிச்சிக்கிட்டு மிச்சத்தத் தருவாவ. வண்டியில எதப் புடிப்பாவ? சக்கரத்தையா கழட்ட முடியும்? அதான் மொதல்ல வரி" என்றார்.

சரி என்று நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் மாப்பிள்ளை, "வெளையாட்டுல விட்டத இதுல கழிக்க முடியாதா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முடியாது. குலுக்கல் பரிசுக்குக் கழிவே கெடையாது. ஏன், எவ்வளவு விட்டிய?"

மாப்பிள்ளை கையிலிருந்த செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நித்யா அவர் முகத்தையே பார்த்தாள்.

"கடைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னு சாத்தாங்குளத்துல மாமாகிட்ட சொன்னியளே, அதுவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாமுமா?"

"எல்லாந்தான்."

சம்பந்தி, இவ்வளவு தூரம் சுற்றி வந்ததே இதைச் சொல்லத்தான். பனங்காட்டை விற்று, உரக்கடை வைக்கச் சொல்லித் தாங்கள் கொடுத்த பணம் முழுக்கப் போய்விட்டது. அந்தப் பணம்தான் அவரை வைரமாக்கியிருக்கிறது. அதற்குத்தான் நான் லட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நித்யா அங்கே சத்தம் போடவில்லை. வெளியே வந்த பிறகு, "அந்த வண்டி நம்ம வாசல்ல நிக்கக் கூடாது" என்றாள். பரிசு வேண்டாம் என்று அவர் கையாலேயே எழுதி அனுப்ப வைத்தாள். செல்போனில் இருந்த ரம்மியையும் அவளே அழித்தாள். லட்டுத் தின்றவர்கள் வண்டி எப்போது வரும் என்று தினமும் கேட்கிறார்கள். "வரியில நிக்கி" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எல்லாவற்றையும் சொல்வதாக இருக்கிறார். அதற்குள் தங்கள் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன். திட்டுங்கள், அது தங்கள் உரிமை. கையை மட்டும் நீட்ட வேண்டாம்.

மதினிக்குப் பையப் பைய எடுத்துச் சொல்லவும். இரண்டு வீட்டுக்கும் தெய்வம் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சங்கிலிபூதத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பிய என்னிடமிருந்து நித்யா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் என்னத்துக்குப்பா? அவுகளே இன்னைக்குக் கொண்டு போவட்டும். கண் ஆபரேஷன் பண்ணதுல இருந்து மாமாவுக்கு எழுத்துத் தெரியல. அவுகளே வாசிச்சுக் காட்டட்டும்" என்கிறாள். உறையை ஒட்டித்தான் கொடுக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறதென்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே சம்பந்தி, இவ்வளவு நேரமும் தாங்கள் கேட்டது தங்கள் மகனின் குரல்தான். ஒரு வரி விடாமல் இதுவரைக்கும் வாசித்துவிட்டார் என்றால், மதினியிடம் சொல்லி அவருக்குச் சோறு போடச் சொல்லுங்கள்.