மாப்பிள்ளை வைத்துவிட்டுப் போன பரீட்சை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் மூன்று கார்களும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலம்தானே? தங்கள் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்து ரத்த அழுத்தம் கூடினால் நான் பொறுப்பல்ல, தங்கள் புதல்வரே பொறுப்பு.

மாப்பிள்ளை போன மாதம் பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார் அல்லவா? வந்தவர் சாப்பிட்டோம், தூங்கினோம் என்று இருந்திருக்கலாம். மூன்றாம் நாளே எங்கள் பள்ளியின் இணையதளம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. மாணவர்கள் வகுப்புக்கு நேரம் பதிவு செய்வது அதில்தான். ஏதாவது மாறினால் நான் தாளில் எழுதிவைப்பேன், சனிக்கிழமை கணினிக்காரர் வந்து கையால் சர்வரில் ஏற்றுவார். பட்டறைக்குப் போன கார் வெள்ளிக்கிழமை திரும்பி வந்திருக்கும், அது பட்டறையில் இருப்பதாகச் சனிக்கிழமை அறிவிப்பு வரும். எல்லோரும் அதற்குப் பழகியிருந்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார். "என்ன மாமா, இந்தக் காலத்துல யாராவது கையால ஏத்துவாங்களா? நீங்க எழுதி சேமிச்சா போதும். அது முதல்ல ஒரு டெஸ்டுக்குப் போகும். பாஸ் ஆச்சுன்னா பச்சை எரியும், சர்வர் தானா எடுத்துக்கும். ஃபெயில்னா சிவப்பு, பழசே இருக்கும். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்றார். நான்கு நாள் அறையைப் பூட்டிக்கொண்டு கணினியில் தட்டினார். பிறகு ஊருக்குப் போய்விட்டார். கணினிக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள், வேலை செய்கிறதா என்று பார்க்க வாயில் வந்ததை எழுதினேன்: 'ஹாஃப் கிளட்ச் இன்றும் தாமதம். சுத்த சோம்பேறி.' ஹாஃப் கிளட்ச் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருப்பவர் எங்களிடம் இருபது வருடமாக ஓட்டச் சொல்லித்தருபவர். வீட்டில் சண்டை என்று யாராவது சொன்னால்கூட "கொஞ்ச நாள் ஹாஃப் கிளட்ச்லயே மெதுவா போங்க" என்பார். ஒரு நிமிடத்தில் பச்சை. நான் கைதட்டி முடிப்பதற்குள் அவர் கைபேசியோடு வந்து கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டார். என் மனைவி உள்ளே கூட்டிப்போய் அரை மணி நேரம் சமாதானம் பேசிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள், காலை ஆறு மணி வகுப்புக்கு ஒரு காருக்கு ஒருவர் என்ற கட்டுப்பாட்டை என் விரல் தெரியாமல் அழித்துவிட்டது. அதற்கும் பச்சை! விடிந்ததும் ஒரே காருக்குப் பதினொரு பேர். ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறார், இன்னொருவர் பின்சீட்டிலிருந்தே கற்றுக்கொள்கிறேன் என்கிறார்.

இதையாவது பொறுத்துக்கொள்வேன் சம்பந்தி. அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்குத் திமிர் ஏறிவிட்டது. 'ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றவர்கள் வர வேண்டாம்' என்று எழுதினேன். சிவப்பு. 'தயங்காமல் வரலாம்' என்று மாற்றினேன். பச்சை. போன வாரம் ஹாஃப் கிளட்ச் மறுபடி தாமதம். எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, அவரை வேலையிலிருந்து நீக்கியதாக அறிவிப்பு எழுதினேன். சிவப்பு. சுருக்கி எழுதினேன், சிவப்பு. மரியாதையாக எழுதினேன், அதற்கும் சிவப்பு. மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், "டெஸ்ட் ஃபெயில் ஆயிருக்கும் மாமா, திருத்தி எழுதிப் பாருங்க" என்கிறார். என்னத்தைத் திருத்துவது? வெறுத்துப்போய், 'இருபது வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் கற்றுத்தருபவர்' என்று எழுதினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பச்சை! மறுநாள் அவருடைய வகுப்புகள் ஒரு மாதத்துக்கு நிரம்பிவிட்டன. அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "முதலாளி, நீங்க மனசுக்குள்ள இப்படி நினைச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது" என்று கண்கலங்குகிறார். எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், "அந்த நேரத்துல சர்வர் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கும் மாமா" என்கிறார். நான் நாற்பது வருடமாக ஓய்வில்லாமல் உழைக்கிறேன், ஒரு பெட்டிக்கு மதியத் தூக்கமா? என் பள்ளியில் நான் எழுதுவதற்கு எனக்கே பரீட்சை வைத்திருக்கிறார் தங்கள் புதல்வர். மாமனாரை இப்படி ஃபெயிலாக்கும் மாப்பிள்ளை எங்காவது உண்டா? நான் சொன்னால் கேட்க மாட்டார். பெற்றவர் சொன்னால் கேட்பார். ஒரு வாரத்துக்குள் அந்த டெஸ்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த விடுப்புக்கு அவர் தாராளமாக வரலாம், என் பேச்சைத்தான் எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளைகள் இருவருக்கும் கோபத்தைக் கழித்து மீதியிருக்கும் ஆசிகள் அனைத்தும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பசை தேடப் போன நேரத்தில் என் மனைவி படித்துவிட்டாள். "பாவம், மாப்பிள்ளையை ஏங்க திட்டறீங்க? அந்தச் சிவப்பு நான்தான்" என்றாள். பதினொரு பேர் வந்து நின்ற அன்றே அவள் அவருக்குப் போன் செய்தாளாம். அறிவிப்பு தானாகச் சர்வருக்குப் போவதை அவர் நிறுத்தி, நான் எழுதுவதெல்லாம் முதலில் அவள் கைபேசிக்கு வரும்படி மாற்றிவிட்டாராம். படித்துப் பார்த்து எதையாவது ஒன்றை அமுக்குவது அவள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவள் தூங்குவாள். "அப்போ தானா நடக்குதுன்னு சொன்னதெல்லாம்?" என்று கேட்டேன். "முப்பது வருஷமா இந்த வீட்டுல எதுங்க தானா நடந்திருக்கு?" என்றாள். நானும் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். மாப்பிள்ளை எதையும் எடுக்க வேண்டாம். "ரெண்டு நாள் இருக்கட்டும், இன்னொரு தடவை படிச்சுட்டு அனுப்பலாம்" என்று அவள் கடிதத்தை வாங்கி அலமாரியில் வைத்தாள். இப்போது குளிக்கப் போயிருக்கிறாள். இது ஒன்றாவது என் இஷ்டப்படி போகட்டும் என்று எடுத்துக்கொண்டு தபால் பெட்டிக்கு ஓடுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்தருளவும். யாரும் சரிபார்க்கவில்லை.