ஒருக்கா தேச்சுக் காட்டுங்க

"எரியாதுங்க அம்மணி, சத்தியமா எரியாதுங்க. இங்க பாருங்க, என்ர மூஞ்சியிலயே தேய்க்கறேன். எரிஞ்சா இப்படிச் சிரிப்பனுங்களா?"

பொற்கொடி சிரித்தாள். ஈரப் பொடியை விரல் நுனியில் எடுத்து வலது கன்னத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். உடுமலையிலிருந்து வந்திருந்த மயிலாத்தாள் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கோழி முட்டையிடுவதைப் பார்ப்பது போல் கண் கொட்டாமல் பார்த்தார்.

"அழுத்தவே கூடாதுங்க. பூனைக்குட்டியத் தடவற மாதிரி. செத்த தோலு தானா உதுந்துரும். தொட்டாச் செவக்கற தோலுக்குன்னே பண்ணுன பொடிங்க. வாரத்துக்கு ஒருக்கா தேச்சாப் போதும்."

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஊட்டுக்காரரக் கேட்டுப்போட்டு வாரேன்."

போனவர் போனவர்தான்.

பொற்கொடி கவலைப்படவில்லை. கோவைப் பொருட்காட்சியில், ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவில் ஸ்டால். இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? பொடி தயாரிக்கும் முதலாளி அரங்கசாமி காலையிலேயே சொல்லியிருந்தார். "இன்னிக்குப் பொளுதுக்குள்ள இந்தப் பெட்டி காலியாச்சுன்னா அன்னூர் ஏஜென்சி உனக்குத்தான் அம்மணி. இல்லாட்டி நீ பழையபடி மில்லுக்கே போயிரு."

மில்லாவது, நூல் சுற்றுவதாவது! அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போர்டு மாட்டும் இடத்தைக்கூட அவள் பார்த்து வைத்துவிட்டாள்.

அடுத்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்தது. அதற்கடுத்து ஒரு டீச்சர் கூட்டம். "நீங்களே தேச்சுப் பாருங்க" என்று பொடியை நீட்டினால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"வெளிய வந்த எடத்துல எப்படிங்க மூஞ்சி கழுவறது? நீங்களே ஒருக்கா தேச்சுக் காட்டுங்க கண்ணு."

இவ்வளவு மரியாதையாகக் கேட்பவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது? தேய்த்தாள். சிரித்தாள். மறுபடி தேய்த்தாள்.

மத்தியானம் ஒரு அம்மா கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, ஒரு கன்னம் தக்காளியாட்டம் இருக்குது. இன்னொண்ணு சும்மா இருக்குது?"

"அதுங்களா? இது பொடி போட்டதுங்க, அது போடாததுங்க!"

"போடாததுதான் பாக்கறதுக்கு நல்லா இருக்குது."

இதை இப்படியே விடக் கூடாது என்று பொற்கொடி உடனே இடது கன்னத்தையும் தேய்த்து வலதுக்குச் சமமாக்கினாள். இப்போது இரண்டு தக்காளி. அதன் பிறகு வந்தவர்களுக்கு நெற்றி. நெற்றியும் போன பிறகு மூக்கு.

முகம் திகுதிகுவென்றது. ஒரு கோலி சோடா வாங்கி, குடிக்காமல் கன்னத்தில் உருட்டினாள்.

"சோடாவும் பொடிகூடவே தர்றீங்களா?" என்றார் ஒருவர் ஆசையாக.

சோடாவை ஒளித்துவிட்டு, சிவப்பு தெரியாமல் இருக்க டால்கம் பவுடர் பூசினாள். வேர்வையில் அது குளத்து மண்போல வெடித்தது. முந்தானையால் துடைத்தாள். அதுவும் ஒரு தேய்ப்பாகிவிட்டது.

கடைசியில் அரங்கசாமியைப் பிடித்தாள். "சார், அடுத்த தடவை உங்க மூஞ்சியில காட்டிரலாமுங்க."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்ர மூஞ்சிக்கெல்லாம் ஒத்துக்காது. பிளேடு பட்டாலே தடிச்சுப்போகும்."

"சார், அந்த மாதிரித் தோலுக்குத்தானுங்க நீங்க இதக் கண்டுபிடிச்சதே!"

"கண்டுபிடிச்சேன். அதுக்குன்னு நானே பூசிக்கோணுமா?"

சரி, தானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொற்கொடி மறுபடி முன்னால் வந்து நின்றாள். நின்றவள் அசந்துபோனாள். ஸ்டால் முன்னால் அப்படி ஒரு கூட்டம்! அப்பளக்கடைக்காரர்கூடச் சட்டியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். பின்வரிசைக்காரர்கள் எக்கி நின்றார்கள்.

"சிரிச்சிட்டே தேய்க்கறா பாருங்க" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"ஆமாங், பெரிய மனசு வேணும்" என்றாள் இன்னொருத்தி.

பொற்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா சார் கூட்டத்த? அன்னூர் போர்டுல என்ர பேரப் பெருசாப் போடோணுமுங்க!" என்று தேய்த்துத் தள்ளினாள். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள், தலையாட்டினார்கள், கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். அந்த இடத்தில் அடுத்த கும்பல் வந்து நின்றது.

பொழுது சாய்ந்தது. ராட்டினத்தில் விளக்கு போட்டார்கள். அரங்கசாமி பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காலையில் இருந்த கனம் கொஞ்சமும் குறையவில்லை.

"ஊரே வந்து நின்னுச்சு. ஒருத்தராச்சும் வாங்குனாங்களா?" என்றார். "நாளைக்கு மில்லுக்குப் போயிரு அம்மணி."

பொற்கொடியின் சிரிப்பு முதல் தடவையாக நழுவியது. "நாளைக்கு ஒரு நாள் குடுங்க சார். கழுத்து இன்னும் பாக்கி இருக்குதுங்க."

அப்போது வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வேகவேகமாக வந்தார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலம்.

"பொடி போட்டுக் காட்டற அம்மணி நீங்கதானுங்களே? நான் அப்துல் மஜீத். பின்வரிசையில கடை போட்டிருக்கறேன்."

கூட்டம் வழியை மறைத்துவிட்டது என்று சண்டைக்கு வந்திருக்கிறார் போல என்று அரங்கசாமி நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார். மஜீத் பொட்டலத்தைப் பொற்கொடியின் கையில் திணித்தார்.

"உங்க மூஞ்சியப் பாத்துப்போட்டு வாரவங்க எல்லாரும் நேரா என்ர கடைக்கு வந்து, ஊட்டுல ஒண்ணு இருக்கட்டும்னு எரிச்சலுக்குப் போடற களிம்ப வாங்கிட்டுப் போறாங்கம்மா, இத்தன நாளா ஈ ஓட்டிட்டிருந்த சரக்கு இன்னிக்கு ஒரு டப்பா மிச்சமில்ல, அன்னூருக்கு என்ர களிம்பு ஏஜென்சிய நீங்களே எடுத்துக்குங்க, ஆனா தேய்க்கறத மட்டும் நிறுத்திப்போடாதீங்க, என்ன சொல்றீங்க?"