ஆயுத பூஜைக்குக் கழுவிய தட்டு

சுத்தம் எப்போதும் நல்லதுதான் என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. என் வேலையைக் கிட்டத்தட்ட விழுங்கப் பார்த்தது சுத்தம்தான்.

எண்பதுகளின் கடைசி. கன்னட எல்லையோர மூக்கண்டப்பள்ளியில், பரிசோதனைப் பொருள்கள் செய்யும் சின்னக் கம்பெனியில் இருந்தேன். கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஒரு ஹார்மோனின் உடைந்த துண்டு வரும். துளியூண்டு இருந்தாலும் அதைக் கண்டுபிடித்துவிடும் பரிசோதனையை உருவாக்குவது என் பொறுப்பு. பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு. கண்ணுக்குத் தெரியாது. சிறுநீர் விட்டு, மற்ற மருந்துகளையும் சேர்த்தபின் நிறம் வந்தால் கர்ப்பம்.

பூஜை விடுமுறை முடிந்ததும் பெங்களூரிலிருந்து முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. பரிசோதனை சரியாக வராவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார்.

பூஜைக்குப் பக்கத்து ஷெட்டில் லேத்துகளைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? (என் எம்.எஸ்ஸி. பட்டம் அன்று விடுப்பில் இருந்தது.) தட்டுகளைச் சோப்புத் தூள் போட்டு, குழி குழியாகப் பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, குங்குமமும் வைத்தேன்.

முதலாளி வந்தார். சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்று என் சிறுநீரையே விட்டேன். எனக்கு அப்போது எட்டாம் மாதம்.

நிறம் வரவில்லை. வெறும் தண்ணீர் போல இருந்தது. பரிசோதனை தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழந்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஓர் உதை விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது.

முதலாளி தட்டைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி தட்டை.

“ஏனம்மா இது?” என்றார்; ‘என்னம்மா இது’ என்பதைத்தான் கன்னடத்தில். பிறகு தமிழில், “அப்போ வயித்துல இருக்கறது வாயுவா?”

கூட வேலை செய்த கோபாலப்பா, தேன்கனிக்கோட்டைக்காரர், தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “என்னா மேடம், புதுசாட்டம் மின்னுது?”

“பூஜைக்குக் கழுவினேன்.”

“உள்ளாறயுமா?”

“உள்ளதான் நல்லாத் தேய்ச்சேன்.”

கோபாலப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பூச்சு எங்கே போனது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது; அழுதுவிட்டேன்.

“அழாதேம்மா,” என்றார் முதலாளி. “ஃபஸ்ட்டு இதைப் பெத்துட்டு வா. அப்புறம் அதைப் பார்க்கலாம்.”

ஆராய்ச்சி பிழைத்தது. மறுவருஷ ஆயுத பூஜைக்கு என் அறையைப் பூட்டி, சாவியைக் கோபாலப்பா வைத்துக்கொண்டார்.

மகளுக்கு இப்போது பெங்களூரில் வேலை. அவள் ஊருக்கு வரும் பஸ் கொஞ்சம் தாமதமானாலும் பத்து தரம் போன் செய்வேன். அவள் கடைசியில் எடுத்துச் சொல்வாள்:

“ஏம்மா பதறுற? நான் இல்லவே இல்லைன்னு நீதான டெஸ்ட் பண்ணிச் சொன்ன?”